10 கெல்வின் குளிரில் மெத்தனால் எப்படி உருவாகிறது?

பீன்யா வேதியியல்காரி கேட்டது:

வணக்கம். பெங்களூரு பீன்யாவில் ஒரு மருந்துக் கம்பெனியின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் ஆறு வருஷமாக வேலை பார்க்கிறேன். எம்.எஸ்சி. வேதியியல், ஊர் விருதுநகர். தினமும் ஹெச்பிஎல்சி என்ற, கலவையைப் பிரித்துக் காட்டும் கருவி முன்னால் உட்கார்ந்து, மெத்தனால் கலந்து ஓடவிட்டு, ஒவ்வொரு பொருளுக்கும் வரைபடத்தில் எழும் பீக் சரியான நேரத்தில் வருகிறதா என்று பார்ப்பதுதான் வேலை.

போன ஞாயிறு மகளைக் கோளரங்கத்துக்குக் கூட்டிப் போனேன். அங்கே பேசியவர், நட்சத்திரம் பிறக்கும் வாயு, தூசி முகில்களில் மெத்தனால் இருக்கிறது, அந்த இடத்தின் வெப்பநிலை 10 கெல்வின், அதாவது மைனஸ் 263 டிகிரி என்றார். அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. வெப்பநிலையை வைத்து வினையின் வேகத்தைச் சொல்லும் அரீனியஸ் சமன்பாட்டில் 10ஐப் போட்டால் வினையின் வேகம் பூஜ்யம் மாதிரிதான். தொழிற்சாலையில் கார்பன் மோனாக்சைடிலிருந்து மெத்தனால் எடுக்கச் செம்பு வினையூக்கி, 250 டிகிரி அளவுக்குச் சூடு, வளிமண்டலத்தைப் போல 50 மடங்கு அழுத்தம் எல்லாம் வேண்டும். அங்கே அடுப்பும் இல்லை, அழுத்தமும் இல்லை. பிறகு எப்படி?

இயற்பியல் படிக்காத என்னைப் போன்றவர்கள் இதைப் படிக்க வழி உண்டா என்றும் சொல்லுங்கள்.

கோரமங்கலா முகில்:

நானும் திருச்சியில் வேதியியல் படித்துவிட்டு இங்கே முனைவர் பட்டத்துக்கு வந்தவன்தான் அக்கா. இந்தக் கேள்விதான் என்னையும் இழுத்து வந்தது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

வாயுவில் சாதாரண மூலக்கூறுகள் இரண்டு மோதினால் பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. அந்த அளவில் அரீனியஸ் சொல்வது சரி. ஆனால் அண்டக் கதிர்கள், அதாவது விண்வெளியில் மிக வேகமாகப் பாயும் துகள்கள், எவ்வளவு அடர்ந்த முகிலுக்குள்ளும் புகுந்து ஹைட்ரஜனை அயனியாக்கிவிடும். அயனி பக்கத்தில் வரும் மூலக்கூறைத் தானே இழுத்துக்கொள்ளும் என்பதால், அந்த வினைகளில் பல எந்தத் தடையும் இல்லாமல் நடக்கும்.

மெத்தனாலுக்கு அந்த வழி போதாது. அது தூசியின் மேல் உருவாகிறது. முகிலின் எடையில் நூறில் ஒரு பங்குதான் தூசி. ஒரு துகள் 0.1 மைக்ரான் இருக்கும். உள்ளே சிலிக்கேட்டோ கரியோ, மேலே தண்ணீர்ப் பனி. 20 கெல்வினுக்குக் கீழே போனால் கார்பன் மோனாக்சைடும் அதன்மேல் உறைந்து படியும். அங்கே ஒரு தனி ஹைட்ரஜன் அணு வந்து ஒட்டுகிறது. மற்றதெல்லாம் உறைந்து கிடக்க, மிக லேசான அது மட்டும் அந்தக் குளிரிலும் நகரும். கார்பன் மோனாக்சைடோடு சேர ஓர் ஆற்றல் தடை இருக்கிறது. அணு அதன்மேல் ஏறுவதில்லை, குவாண்டம் முறையில் ஊடே நுழைந்துவிடும். இரண்டு அணு சேர்ந்தால் ஃபார்மால்டிஹைடு, நான்கு சேர்ந்தால் மெத்தனால். சேரும்போது வெளிவரும் சூட்டைத் தூசி வாங்கிக்கொள்ளும். 2002இல் ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில் வட்டனபேயும் கௌச்சியும் 10 கெல்வின் பனிமேல் ஹைட்ரஜன் அணுக்களைப் பாய்ச்சி இதை நேரிலேயே காட்டினார்கள்.

ஒரு துகளை ஏறத்தாழ ஒரு நாளைக்கு ஒரு ஹைட்ரஜன் அணுதான் வந்து தொடும். முகிலுக்கு லட்சக்கணக்கான ஆண்டுகள் கையில் இருப்பதால் அதுவே போதும்.

பிறகு நட்சத்திரம் சூடாகி, பனி 100 கெல்வினைத் தொட்டதும் எல்லாம் ஆவியாகும். நட்சத்திரம் பிறந்துகொண்டிருக்கும் ஐராஸ் 16293 அப்படி ஓர் இடம். சுமார் 460 ஒளியாண்டு தூரம். 2012இல் ஆல்மா தொலைநோக்கி அங்கே சர்க்கரை வகையின் மிகச் சிறிய உறவான கிளைகோலால்டிஹைடைக் கண்டது. மே மாதக் கடைசியில் நள்ளிரவில் தெற்கே கேட்டை நட்சத்திரம் சிவப்பாகத் தெரியும். அதற்கு வடக்கே இரண்டு பாகை, நான்கு முழுநிலவை அடுக்கிய தூரம்தான். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, ஆனாலும் மகளுக்கு அந்தத் திசையைக் காட்டுங்கள்.

படிப்பு விஷயத்தில் தயங்கவே வேண்டாம். சுழலும் மூலக்கூறு ஒவ்வொன்றும் ரேடியோ நிறமாலையில் தனக்கான அலைவரிசையில் கோடு போடும். கார்பன் மோனாக்சைடின் முதல் கோடு 115.27 கிகாஹெர்ட்ஸ். எது யாருடைய பீக், எது இரண்டு பீக் ஒன்றன்மேல் ஒன்று ஏறியது என்று பிரிப்பதுதான் எங்கள் நாள் முழுக்க வேலை. ஆறு வருஷமாக அதையே பார்த்த கண் உங்களுடையது.

சதாசிவநகர் பெரியவர்:

அம்மா, இங்கே ராமன் ஆராய்ச்சி நிலையத்தில் 10.4 மீட்டர் விட்டமுள்ள மில்லிமீட்டர் அலைத் தொலைநோக்கி ஒன்று முன்பு இயங்கியது. காற்றின் ஈரம் இந்த அலைகளை விழுங்கிவிடும், அதனால்தான் ஆல்மாவை அட்டகாமா பாலைவனத்தில் 5,000 மீட்டர் உயரத்தில் வைத்திருக்கிறார்கள். அதன் தரவுகள் பொதுவாக ஓர் ஆண்டு கழித்து எல்லோருக்கும் திறந்துவிடப்படும். அவற்றை அலசும் காசா என்ற மென்பொருளும் இலவசம். வேலையை விடாமல், வீட்டிலிருந்தே தொடங்குங்கள்.

ரோகிணி:

கோரமங்கலா முகில் சொன்னதில் ஒரு சேர்க்கை. ஆவியாக 100 கெல்வின் வேண்டும் என்றால், நட்சத்திரமே பிறக்காத எல்1544 முகிலில் மெத்தனால் வாயுவாகத் தெரிவது எப்படி? வினையின் சூடே மூலக்கூறைத் தூக்கி வெளியே எறிகிறது என்பது ஒரு விளக்கம். எவ்வளவு என்பதில் இன்னும் வாதம் நடக்கிறது. வேதியியல் தெரிந்தவர்கள் தேவைப்படுவது இங்கேதான்.

பீன்யா வேதியியல்காரி:

எல்லோருக்கும் நன்றி. ஒரு நாளைக்கு ஓர் அணு என்பதை நம்ப முடியாமல், வேலையிலிருந்து திரும்பி வரும்போது பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் கணக்குப் போட்டேன். கன சென்டிமீட்டருக்கு ஓர் அணு, வேகம் நொடிக்கு 460 மீட்டர், துகளின் ஆரம் 0.1 மைக்ரான். 19 மணி நேரம் வந்தது! 100 கெல்வின் என்று வைத்தால் ஆறு மணி நேரமாகிறது. அப்படியானால் சூட்டில் மெத்தனால் இன்னும் வேகமாக உருவாக வேண்டுமே?

கோரமங்கலா முகில்:

கணக்கு சரி அக்கா. ஆனால் 100 கெல்வினில் அணு வந்து தொட்டாலும் நிற்காது, உடனே பறந்துவிடும். கார்பன் மோனாக்சைடும் அதற்கு வெகு முன்பே பனியை விட்டுப் போயிருக்கும். 10 கெல்வினில்தான் இரண்டும் ஒரே இடத்தில் இருக்கும்.