மறு: செக்ஸ்டன்ட்: ‘அறுபாகைமானி’ சரிவருமா?

அன்பர்களுக்கு வணக்கம்.

கப்பலில் சூரியன், விண்மீன்களின் கோண உயரத்தை அளக்க உதவும் செக்ஸ்டன்ட் கருவிக்குத் தமிழ்ப்பெயராக அண்ணன் முன்மொழிந்த ‘அறுபாகைமானி’யை இரண்டு நாளாக மனத்தில் போட்டுப் பார்த்தேன். என்னால் ஏற்க முடியவில்லை. அறுபாகை என்றால் ஆறு பாகை, அறுபது ஆகாது. சரி, ‘அறுபதுபாகைமானி’ என்று திருத்தினாலும் சிக்கல் தீராது.

லத்தீனில் செக்ஸ்டான்ஸ் என்றால் ஆறில் ஒரு பங்கு. கருவியின் வில், அதாவது அளவு பொறித்த வளைந்த பகுதி, வட்டத்தில் ஆறில் ஒன்று, 60 பாகை. பெயர் அதிலிருந்து வந்தது. ஆனால் அந்த வில்லில் பொறித்த அளவு 120 வரை ஓடும். கருவியில் உள்ள கண்ணாடியை ஒரு பாகை திருப்பினால் அதில் பட்டு மீளும் ஒளி இரண்டு பாகை திரும்பும், அதனால்தான். 1731இல் ஜான் ஹாட்லி லண்டன் ராயல் சொசைட்டியில் அறிவித்த கருவிக்கு வில் 45 பாகைதான், எட்டில் ஒன்று. ஆகவே அந்த வகை ஆக்டன்ட். நிலவுக்கும் விண்மீனுக்கும் இடைப்பட்ட கோணத்தை அளந்து தீர்க்கரேகை கணிக்க, ஆக்டன்ட் அளக்கும் 90 பாகை போதவில்லை. வில்லை நீட்டினார்கள், பெயரும் மாறிவிட்டது. அளப்பது எப்படி என்பதை இரண்டு பெயருமே சொல்லவில்லை.

சோழமண்டலக் கரைக் கடலோடிகள் வைத்திருந்தது இராப்பலகை. கயிறு கோத்த சிறு பலகை. முடிச்சைப் பல்லில் கடித்து, கீழ் விளிம்பைத் தொடுவானத்திலும் மேல் விளிம்பை விண்மீனிலும் பொருத்தி, விரல் கணக்கில் உயரம் பார்ப்பார்கள். எவ்வளவு அழகான பெயர்! அதையே செக்ஸ்டன்ட்டுக்கும் வைக்க எனக்கும் ஆசைதான். ஆனால் நான் கப்பலில் இருந்த நாளில் செக்ஸ்டன்ட்டை அதிகம் எடுத்தது பகலில், சூரியனுக்கு; ‘இரா’ அதற்குப் பொருந்தாது. அதிலும் நம் சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 1 பாகை சொச்சம். துருவ நட்சத்திரம் தொடுவானத்தோடு ஒட்டிக் கிடக்கும், கண்ணுக்கே அகப்படாது.

என் பரிந்துரை ‘ஆடிக்கோணமானி’. ஆடி என்றால் கண்ணாடி. வெறும் கோணமானி என்றால் கணிதப் பெட்டியில் கிடக்கும் அரைவட்டத் தகடு நினைவுக்கு வரும். ஆடி மாதத்தோடு குழம்பும் என்ற பயமும் வேண்டாம். குழியாடி, குவியாடி எல்லாம் இயற்பியலில் ஏற்கெனவே புழங்குகின்றன. ஆக்டன்ட்டைப் பிரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘எண்கூற்று’, ‘அறுகூற்று’ என முன்னே சேர்த்துக்கொள்ளலாம்.

சனிக்கிழமை விக்டோரியா ஸ்ட்ரீட் நூலகத்தில் கூடும்போது என் பழைய கருவியைக் கொண்டு வருகிறேன். அண்ணன் அந்தக் கண்ணாடியைக் கையால் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.