குழாய் பளபளக்குது, மார்பிள்ல வளையம்: வினிகர், சோடா, ப்ளீச் அனுபவங்கள்

ஈரத்துணி:

குழாய்ல படியற உப்புக்கறைக்கு வினிகர்ல நனைச்ச துணி சுத்தி வைக்கிறது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், அதை விளக்கப் போறதில்லை. மனசுல நிக்கிறது மறுநாள் காலையில தெரிஞ்ச அந்த வளையம். குழாய் பளபளன்னு இருக்கு. அதுக்கு நேர் கீழே மார்பிள் மேடையில காசு அளவுக்கு மங்கலா ஒரு வட்டம். துடைச்சாலும் போகல, சோப்புக்கும் போகல. வெளிச்சத்தைச் சாய்ச்சுப் பார்த்தாத்தான் தெரியும். ஒரு தடவை தெரிஞ்சுட்டா அப்புறம் கண்ணு அங்கேயேதான் போகும்.

அது கறையே இல்லை. குழாய்ல படியற உப்புல பெரும்பங்கும், மார்பிளும் ஒரே சரக்கு, கால்சியம் கார்பனேட். ஒண்ணைக் கரைக்கிற அமிலம் இன்னொண்ணை மட்டும் விட்டுவைக்குமா? ராத்திரி முழுக்கச் சொட்டின வினிகர் கல்லோட பாலிஷைத் தின்னிருக்கு.

துணியை நனைச்சா ஒட்டப் பிழியணும், ஒரு சொட்டுகூட வடியக் கூடாது. மேலே பிளாஸ்டிக் பை சுத்தி ரப்பர் பேண்ட் போடணும், கீழே ஒரு தட்டு வைக்கணும். அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் போதும். விடிய விடிய விட்டா குரோம் பூச்சும் கெடும். எடுத்ததும் பழைய டூத்பிரஷ்ஷால தேய்ச்சு நிறையத் தண்ணி விடணும். மேடை என்ன கல்லுன்னு தெரியலையா? கண்ணுக்குப் படாத ஓரத்துல ஒரு சொட்டு வினிகர் விட்டு ஒரு நிமிஷம் பாருங்க. பொடிப்பொடியா குமிழி வந்தா அந்தக் கல் பக்கமே அமிலம் போகக் கூடாது. குமிழி வரலேன்னா உடனே நம்பிடாதீங்க, துடைச்சுட்டு அந்த இடம் மங்கியிருக்கான்னும் பாருங்க.

இருக்கிற வளையத்தை எப்படி எடுக்கிறது? செஞ்சு பார்த்தவங்க யாராவது சொல்லுங்க.

மூணாவது வாளி:

வினிகர்னதும் ஞாபகம் வர்றது அடைச்சுக்கிட்ட வாஷ்பேசின்தான். சமையல் சோடா அரை கப், மேல வினிகர். நுரை புஸ்ஸுன்னு பொங்கி விளிம்பு வரைக்கும் வருது, பார்க்கிறவங்க முகத்துல ஒரு சந்தோஷம். நுரை அடங்கினதும் பார்த்தா தண்ணி நின்ன இடத்துலயே நிக்குது.

கணக்கு இதுதான். 5 சதவீத வினிகர் 100 மில்லியில அமிலம் சுமார் 5 கிராம். அதை முழுசா முறிக்க சமையல் சோடா 7 கிராம் போதும், ஒன்றரை டீஸ்பூன். பொங்கி முடிஞ்சதும் மிச்சம் சோடியம் அசிடேட் கரைஞ்ச தண்ணி. அதுல அமிலமும் இல்லை, காரமும் இல்லை. நுரைங்கிறது வெறும் கார்பன் டை ஆக்சைடு. முடிக்கற்றையை அது என்ன செய்யும்?

அடைப்புன்னா கீழே இருக்கிற வளைவுக் குழாயைக் கழட்டுங்க. முதல்ல அடியில வாளி. மேல ஒரு திருகு, கீழ ஒரு திருகு, ரெண்டும் பிளாஸ்டிக்னா கையாலேயே வரும். உள்ளே இருக்கிற முடியையும் சோப்புக் களிம்பையும் கம்பியால இழுத்துட்டு, வாஷர் எந்தப் பக்கம் பார்த்து இருந்ததோ அதே பக்கமா வைக்கணும். சரிவு மாறினா ஒழுகும். கையால இறுக்குங்க, ஸ்பேனர் போட்டா மரை போயிடும். கடைசியா மேலே தண்ணிக் குழாயைத் திறந்துவிட்டு, மூட்டைச் சுத்தி உலர்ந்த காகிதத்தால துடைச்சுப் பாருங்க. கண்ணுக்குத் தெரியாத கசிவு காகிதத்துல தெரியும்.

பழைய பக்கெட்:

மேலே சொன்னதை முழுசா ஒத்துக்க முடியாது. டைல்ஸ் இடுக்குல சோடாவைத் தூவி வினிகர் தெளிச்சா அழுக்கு கிளம்பி மேல வர்றதை எத்தனை தடவை வேணா காட்டலாம். அடைப்புக்கும் ஒரு பானை கொதிக்கிற தண்ணி ஊத்தினா வேலை முடிஞ்சது. இதுக்குப் போய்க் குழாயைக் கழட்டணுமா?

மூணாவது வாளி:

இடுக்குல அழுக்கைக் கிளப்பினது சோடாவோட சொரசொரப்பும் உங்க பிரஷ்ஷும்தான். வினிகர் இல்லாம வெறும் தண்ணியில குழைச்சுத் தேய்ச்சுப் பாருங்க, அதே அழுக்கு அதே மாதிரி வரும். அந்த இடுக்கு சிமெண்ட் பூச்சு. அமிலம் படப்பட அரிச்சு மணல் மணலா உதிரும். கொதிநீரை பிவிசி குழாய்ல ஊத்தினா குழாய் இளகி மூட்டு விடும். கை பொறுக்கிற சூடு போதும்.

ஜன்னலோரம்:

நீங்க ரெண்டு பேரும் வாதாடுற விஷயத்துல யாரும் சாகப் போறதில்லை. இதைக் கேளுங்க. கழிப்பறைக்குள்ள கறை நீக்கி ஊத்தி ஊற வெச்சிருக்கு. அது தெரியாம இன்னொருத்தர் வந்து மேல ப்ளீச் விடறார். ரெண்டே விநாடி, தொண்டையில கத்தி வெச்ச மாதிரி. அந்த வாசனை இன்னும் மறக்கல.

கழிப்பறைக் கறை நீக்கிகள் பலதுல இருக்கிறது அமிலம்தான். ப்ளீச்ல இருக்கிறது சோடியம் ஹைப்போகுளோரைட். சேர்ந்தா குளோரின் வாயு. அமோனியா கலந்த கண்ணாடி திரவத்தோட சேர்ந்தா குளோரமின், அதுவும் விஷம். நடந்துடுச்சுன்னா குனிஞ்சு பார்க்காதீங்க, தண்ணி ஊத்திச் சரி பண்ணவும் நிக்காதீங்க. வெளியே வந்து ஜன்னலைத் திறந்து எல்லாரையும் தள்ளிப் போகச் சொல்லுங்க. மூச்சு சரியா வரலேன்னா மருத்துவரைப் பாருங்க. ஒரே வீட்டுல ரெண்டு மூணு பேர் சுத்தம் பண்றதா இருந்தா, ஊற வெச்சவர் காலி பாட்டிலைக் கழிப்பறை மூடி மேலேயே வெச்சுட்டுப் போகணும்.

ரெண்டாவது கோட்டிங்:

சுத்தத்திலிருந்து கொஞ்சம் விலகுகிறேன். ஆணி பிடுங்கிய ஓட்டைகளில் பட்டி, அதன்மேல் அதே டப்பா பெயிண்ட், அதே நிறம். பகலில் ஒன்றும் தெரியவில்லை. சாயங்காலம் ஜன்னல் வெளிச்சம் சுவரோரமாக விழுந்தபோது நான்கு திட்டுகள் பளிச்சென்று எழுந்து நின்றன. நிறம் தப்பவில்லை, உறிஞ்சல்தான் தப்பியது. பட்டி போட்ட இடம் பெயிண்டைக் குடித்துவிடும், சுற்றியிருக்கும் பழைய பூச்சு குடிக்காது. அதனால் மினுமினுப்பு மாறுகிறது.

முதலில் ஓட்டையின் விளிம்பில் புடைத்திருப்பதைச் சுரண்டிவிடுங்கள். பட்டியை ஒரு தடவைக்கு 2 அல்லது 3 மில்லிமீட்டருக்கு மேல் அப்பக் கூடாது. தடிமனாகப் போட்டால் காயும்போது நடுவில் குழி விழும். நன்றாகக் காய்ந்தபின் 220 எண் உப்புத்தாள், பிறகு ஈரத்துணியால் தூசி. இதற்குப்பின் வருவது எல்லோரும் தாண்டிப்போகும் கட்டம்: ப்ரைமர் என்ற அடிப்பூச்சு. பட்டியையும் அதைச் சுற்றி இரண்டு விரல்கடை அளவையும் மூட வேண்டும். பெயிண்டைச் சின்ன ரோலரால் அடியுங்கள். சுவர் முதலில் ரோலரில் அடித்ததென்றால் பிரஷ் கோடு தனியாகத் தெரியும். ஓரத்தில் ரோலரை வெறுமனே ஓட்டி மெலிதாக்குங்கள்.

பக்கவாட்டு வெளிச்சம் விழும் சுவரில், அதுவும் மினுங்கும் பெயிண்டில், இதெல்லாம் செய்தும் திட்டு தெரியலாம். அங்கே திட்டுப்பூச்சை விட்டுவிட்டு, ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை அந்த ஒரு சுவரை மட்டும் முழுக்க அடிப்பதுதான் மிச்சம். மீந்த பெயிண்டைப் பெரிய டப்பாவில் அரைகுறையாக விடாமல், கழுத்துவரை நிறையும் சின்ன டப்பாவுக்கு மாற்றி, அறை, தேதி, நிற எண் மூன்றையும் எழுதுங்கள். அழுகல் வாடை வந்தால் தூக்கிப் போடுங்கள். சுவரில் ஏறியபின் அந்த வாடை லேசில் போகாது.

கொடிக்கயிறு:

துவைச்சுக் காய்ஞ்ச துண்டு, மெத்துன்னு இருக்கு, ஆனா முகத்துல தண்ணி அப்படியே வழுக்கிட்டுப் போகுது. அவ்வளவுதான் விஷயம்.

காரணம் துணி மென்மையாக்கி. நூல் மேல ஏடு மாதிரி படிஞ்சு தண்ணியை உள்ளே விடாது. பவுடர் அதிகமாப் போட்டாலும் இதே கதிதான். சோப்பே போடாம 60 டிகிரி சூட்டுல துண்டுகளை மட்டும் வாஷிங் மெஷின்ல ஒரு தடவை ஓட்டுங்க. கண்ணாடியில நுரை தெரிஞ்சா அது பழைய பாக்கி. இருக்கட்டும், கேட்காட்டியும் சொல்றேன். பவுடர் கரண்டியில சரியான அளவுக்கு மார்க்கர்ல கோடு போட்டு வைங்க. வீட்டுல யார் துவைச்சாலும் அளவு மாறாது, மாசக் கடைசியில பாக்கெட் மிஞ்சும். டிரம்ல துணிக்கு மேல ஒரு கை நுழையற இடம் இருக்கணும். வேலை முடிஞ்சதும் கதவைத் திறந்தே விடுங்க, ரப்பர் வளையத்தோட மடிப்பைத் துடைங்க, வாடைக்கு அதுதான் குடியிருப்பு. சின்னப் பிள்ளைகள் இருந்தா அவங்களைக் கிட்ட விடாம காய வெச்சு, காய்ஞ்சதும் கதவைச் சாத்திடுங்க. கூடை மூணு: வெள்ளை, கலர், துண்டு. பிள்ளைங்க உயரத்துல வைங்க, போட்டவங்களே பிரிச்சுப் போடட்டும். சாக்ஸை ஆளுக்கொரு வலைப்பையில போட்டு, பையோட துவைச்சா ஜோடி தொலையாது. ரத்தக்கறைக்குப் பச்சைத் தண்ணி மட்டும், சூடு பட்டா உறைஞ்சு பிடிச்சுக்கும். எண்ணெய்க்கறைன்னா துணியை நனைக்கிறதுக்கு முன்னாடியே பாத்திரம் கழுவுற திரவம் தடவி 10 நிமிஷம் விடுங்க. கறை போச்சான்னு பார்க்காம இஸ்திரி போட்டுடாதீங்க.

பழைய பக்கெட்:

கேட்டது மார்பிள், வந்தது சாக்ஸ். சரி, கொதிநீர் விஷயத்துல நான் சொன்னது தப்பு. வளையத்துக்கு வர்றேன்.

நகத்தை மெதுவா ஓட்டிப் பாருங்க. நகம் தட்டினா கல்லுல குழி விழுந்திருக்கு, அது மெஷின் வெச்சு இழைக்கிறவங்க வேலை. தட்டலேன்னா மார்பிள் பாலிஷ் பொடி அரை டீஸ்பூன், தண்ணியில குழைச்சு ஈரமான கம்பளித் துண்டால வட்டமா அழுத்தித் தேய்க்கணும், மூணுலேர்ந்து அஞ்சு நிமிஷம். நடுவுல காய விடக் கூடாது. துடைச்சுட்டு வெளிச்சத்தைச் சாய்ச்சுப் பாருங்க, பத்தலேன்னா இன்னொரு சுத்து.

ஈரத்துணி:

நகம் தட்டல. ஒரு சந்தேகம், மேடையோட மத்த இடமே அவ்வளவு பளபளப்பு கிடையாது, மங்கல் பாலிஷ் மாதிரிதான்.

பழைய பக்கெட்:

அப்போ பொடியைத் தொடாதீங்க. மங்கலான கல்லுல அந்த இடம் மட்டும் கண்ணாடி மாதிரி மினுங்கும், இப்ப இருக்கிற வளையம் தேவலைன்னு ஆகிடும். மேடையோட மங்கலுக்குப் பொருந்துற சொரசொரப்பு எண்ல நீர்த்தாள், அதாவது தண்ணி தொட்டுத் தேய்க்கிற உப்புத்தாள் வேணும். எந்த எண்ணுன்னு மூலையில ஒரு விரல் அளவு தேய்ச்சுப் பார்த்துட்டு வாங்க.