உயிர் நண்டு வாங்கணும், பாத்து எடுக்கவும் தெரியாது கொல்லவும் தெரியாது, யாராவது சொல்லுங்க

ஈசூன்_மாப்ள:
வணக்கம் மக்களே. அடுத்த வாரம் காரைக்கால்லேர்ந்து மாமியார் வர்றாங்க. அவங்களுக்கு நண்டுன்னா உயிரு, ஐஸ்ல கெடக்குறத தொடவே மாட்டாங்க, "செத்த நண்ட எவன் திம்பான்"னு போன்லயே சொல்லிட்டாங்க. நானும் மனைவியும் இங்க சிங்கப்பூர் வந்ததுலேர்ந்து ஃபேர்ப்ரைஸ் சூப்பர்மார்க்கெட் ஃபிரோசன் பாக்கெட்டுதான். தேக்கா சந்தைக்குப் போனா உயிரோட கெடைக்கும்னு தெரியும், ஆனா எத எடுக்குறது, ஆணா பொண்ணா, வீட்டுக்கு வந்தப்புறம் அத என்ன பண்றது, எதுவும் தெரியல. இன்னொன்னு, கூட வேல பாக்குற பையன் சாங்கி கடற்கரை பக்கம் போனா நாமளே புடிக்கலாம் காசே வேணாம்ங்கறான், நெசமா?

தேக்கா_ராணி:
தம்பி, மொதல்ல திங்கக்கிழம போகாதீங்க, மீன்கடை பாதி மூடியிருக்கும். மத்த நாள் காலைலயே போயிடுங்க. குழம்புக்கும் ரசத்துக்கும் சேறுல வாழுற சேத்து நண்டுதான், ஸ்ரீலங்கா நண்டுன்னு கேட்டாலே எடுத்துக் காட்டுவாங்க. கடல்ல நீந்துற ஃபிளவர் கிராப் பெரும்பாலும் ஐஸ்லதான் இருக்கும், தண்ணிய விட்டு எடுத்தா அது சீக்கிரம் செத்துடும், அதுக்காக கடைக்காரர திட்டாதீங்க.

திருப்பிப் பாருங்க. வயித்து மடிப்பு ஒடுக்கமா கூரா இருந்தா ஆணு, அகலமா வட்டமா இருந்தா பொண்ணு. கொடுக்குல சதை வேணும்னா ஆணு, சினை வேணும்னா பொண்ணு. ஆனா ஆணு பொண்ணவிட முக்கியம் சதை நெறைஞ்சிருக்கான்னு பாக்குறது. கடைசிக் கால் சேருற எடத்துக்குப் பக்கத்துல அடி ஓட்ட கட்டைவிரலால அமுக்குங்க, கல்லு மாதிரி நின்னா எடுங்க, உள்ள போச்சுன்னா வெச்சிடுங்க, அது இப்பதான் ஓடு மாத்தினது, வேகவெச்சா உள்ள வெறும் தண்ணி. ஓடு பளபளன்னு புதுசா அழகா இருக்குன்னு ஏமாறாதீங்க. அழுக்குப்புடிச்சு, கொடுக்குப் பல்லு தேஞ்சு, கெழவன் மாதிரி இருக்கறதுதான் சரக்கு. கண்ணுகிட்ட விரல கொண்டுபோனா சட்டுனு உள்ள இழுக்கணும்.

அப்புறம் நண்ட கட்டி வெச்சிருக்கற கயிறு. சில கடையில தொப்பலா நனைஞ்ச தடிக் கயிறு கட்டி அப்படியே தராசுல வெப்பாங்க, கயித்துக்கும் சேத்து நீங்கதான் வெள்ளி குடுக்கணும். மெல்லிசு ராஃபியா பிளாஸ்டிக் கயிறு கட்டின கடையா பாத்து வாங்குங்க. சைனீஸ் நியூ இயர் சமயத்துல வெலையே கேக்காதீங்க, மயக்கம் வரும்.

பிடோக்_தூண்டில்:
சாங்கி ஆள் சொல்றது பாதி உண்மை. கடல்ல நண்டு இருக்கு, ஆனா பார்க்ல கண்ட எடத்துலயும் வலை போடக்கூடாது, மீன்புடிக்கலாம்னு போர்டு வெச்ச எடத்துல மட்டும்தான். அந்த மாதிரி எடத்துக்கு சாயங்காலம் போய்ப் பாருங்க, மடக்கு வலைல கோழிக் கழுத்தோ மீன் தலையோ கட்டி எறக்கிட்டு அங்கிள்மாரெல்லாம் சேர் போட்டு ஒக்காந்திருப்பாங்க. தண்ணி ஓடுற நேரமா இருக்கணும், ஏத்தமோ எறக்கமோ, நின்னுபோன தண்ணில ஒண்ணும் வராது. தூக்குறப்ப நடுவுல நிறுத்தாம சரசரன்னு இழுக்கணும் இல்லன்னா எறங்கி ஓடிடும். கெடைக்கிறது பெரும்பாலும் உள்ளங்கை அளவு ஃபிளவர் கிராப்தான், அத நம்பி மாமியார வரச்சொன்னா அன்னிக்கு ரசம் சாதம்தான் 😂 சின்னதையும் சினை ஒட்டிட்டு இருக்கறதையும் திருப்பி விட்ருங்க. சுங்கை பூலோ, செக் ஜாவா மாதிரி பாதுகாக்கப்பட்ட எடத்துல எதையுமே எடுக்கக்கூடாது, பாக்க மட்டும்தான்.

ஒண்ணு சீரியஸா சொல்றேன். பாறை ஓரத்துல செவப்பும் வெள்ளையுமா கட்டம் கட்டமா டிசைன் போட்ட நண்டு இருக்கும், மொசைக் நண்டும்பாங்க, எவ்ளோ நேரம் கொதிக்கவெச்சாலும் அதோட வெஷம் போகாது. கிராஞ்சி, மண்டாய் சேத்துல வாலோட இருக்கற குதிரைலாட நண்டும் அப்படித்தான், அது நண்டு இனமே கெடயாது, அதுலயும் வெஷம் இருக்கலாம். பேரு தெரியாத நண்டு வாயிக்குள்ள போகவே கூடாது.

ஈசூன்_மாப்ள:
நன்றி நன்றி. அப்போ தேக்காதான். வெட்டுறது யாரும் சொல்லலியே? மொதநாளே வாங்கி வெக்கலாமா, வாளித் தண்ணில போட்டா போதுமா?

நாகூர்_பாட்டி_பேத்தி:
ஐயோ வாளித் தண்ணில போடாதீங்க!! குழாத்தண்ணில மூச்சு முட்டிச் செத்துடும். சேத்து நண்டு செவுள் ஈரமா இருந்தாலே போதும், தண்ணி வேணாம். ஈரத்துணி சுத்தி காத்துப் போற மாதிரி ஃபிரிட்ஜ் கீழ்த்தட்டுல வைங்க, ஒரு ராத்திரி தாங்கும். காலைல அசையாம, கால் தொங்கி, நாத்தம் வந்தா தூக்கிப் போட்ருங்க, செத்த நண்டு ரொம்ப சீக்கிரம் கெட்டுப்போகும்.

கொல்றதுக்கு அவசரப்படாதீங்க. ஐஸ் நெறைய போட்ட தண்ணில அரைமணி நேரம் முக்கி வைங்க, கண்ண தொட்டாலும் அசையலன்னா மரத்துப்போச்சுன்னு அர்த்தம். கயித்த அவுக்காம மல்லாக்கப் போட்டு, வயித்து மடிப்ப தூக்கினா அடியில சின்ன பள்ளம் தெரியும், அதுல கூரான கத்திய நேரா எறக்குங்க, அப்புறம் ரெண்டு கண்ணுக்கு நடுவுலயும் ஒரு குத்து. நரம்பு முடிச்சு ரெண்டு எடத்துல இருக்கு, அதான். உயிரோட கொதிக்கிற தண்ணில போட்டா அதுவும் வேதனப்பட்டு காலயும் உதுத்துடும், சட்டி பூரா கால்தான் மெதக்கும். அதுக்கப்புறம் பிரஷ் போட்டு சேறு தேய்ச்சு, மேலோட்ட பின்னாலேர்ந்து பேத்து, எறகு மாதிரி இருக்கற செவுளயும் வாய்க்குப் பின்னால இருக்கற மண்ணுப் பையயும் எடுத்துடுங்க. மஞ்சளா இருக்கறத கழுவித் தொலைக்காதீங்க, ருசியே அங்கதான்.

கொடுக்க இடிகல்லால ஒரே தட்டு, நொறுங்கக்கூடாது, விரிசல் விட்டா போதும். மிளகு சீரகம் பூண்டு சின்ன வெங்காயம் தட்டிப்போட்டு நல்லெண்ணெய்ல வதக்குங்க. காரைக்கால் ஆளுங்களுக்கு தேங்காப்பால் ஊத்தினா புடிக்குமோ என்னமோ, எங்க வீட்ல ஊத்துவோம்.

தேக்கா_ராணி:
நண்டுக்குத் தேங்காப்பாலா?? புளி போடுங்க தம்பி. வெட்டுறது பயமா இருந்தா கடைலயே சொல்லுங்க, அங்கிள் ரெண்டு நிமிஷத்துல க்ளீன் பண்ணிக் குடுத்துடுவாரு, ஆனா வெட்டினா நேரா வீட்டுக்குப் போய் அடுப்புல ஏத்திடணும், முஸ்தபா கடைல சுத்திட்டுப் போகலாம்னு நெனைக்காதீங்க.