மறுமொழி: ‘பராபசிஸ்’ – ‘அவைமுன்னிலை’ பொருந்துமா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம். பண்டைய கிரேக்க நகைச்சுவை நாடகத்தில் ‘கோரஸ்’ என்னும் பாடற்குழு அவையிடம் நேராகப் பேசும் பகுதிக்குப் ‘பராபசிஸ்’ என்று பெயர். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் உரையாடலில் வந்த கேள்விக்கு மறுமொழி இது.

> பராபசிஸுக்கு ‘அவையடக்கம்’ என்ற பழஞ்சொல் இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

ஐயா, புலவர் தம்மைப் பற்றி அவையிடம் பேசுகிறார் என்பது ஒன்றே இரண்டுக்கும் பொது. கம்பர் தம்மைப் பாற்கடலை நக்கிக் குடிக்கப் புகுந்த பூனை என்றார். ஏதென்ஸின் நகைச்சுவை நாடகக் கவிஞர் அரிஸ்டோஃபனீஸின், கி.மு. 425இல் அரங்கேறிய ‘அகார்னியர்கள்’ நாடகத்தின் பராபசிஸைப் பாருங்கள். ஏதென்ஸோடு போரிட்டுவந்த ஸ்பார்ட்டாவின் தூதரிடம் பாரசீகப் பேரரசர் கேட்டாராம்: இரு தரப்பில் கடற்படையில் வலியவர்கள் யார்? இந்தக் கவிஞரிடம் வசவு வாங்குபவர்கள் யார்? வசவு வாங்குகிறவர்களே திருந்துவார்கள், போரிலும் வெல்வார்கள் என்று தீர்ப்பும் சொன்னாராம். அரிஸ்டோஃபனீஸ் தம் புகழைத் தாமே அளக்கும் இந்த இடத்துக்கு அடக்கம் என்ற பெயர் எப்படி ஒட்டும்? மேலும், அவையடக்கம் நூலின் வாயிலில் நிற்பது. பராபசிஸ் நாடகத்தின் நடுவே வருவது.

‘இடைப்பாட்டு’ என்ற பரிந்துரையும் வந்திருக்கிறது. அது வரும் இடத்தைச் சொல்கிறது, செயலைச் சொல்லவில்லை. நடிகர்கள் எல்லோரும் உள்ளே போய்விடுகிறார்கள். 24 பேர் கொண்ட கோரஸ் மட்டும் எஞ்சுகிறது. கதையை அப்படியே நிறுத்திவிட்டு, பார்வையாளர்களை நோக்கி முன்னே வந்து, அவர்களை ‘நீங்கள்’ என்று விளித்துப் பேசுகிறது. முன்னே அடியெடுத்து வருதல் என்பதுதான் கிரேக்கச் சொல்லின் பொருள்.

அதனால் என் பரிந்துரை ‘அவைமுன்னிலை’. முன்னே நிற்றல், எதிரே இருப்பவரை விளித்தல் என்ற இரண்டு பொருளும் ‘முன்னிலை’க்குள் ஏற்கெனவே இருக்கின்றன. குழுப்பாடலுக்கு இச்சொல்லை ஆண்ட முன்மாதிரியும் உண்டு: சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவையில் ‘முன்னிலைப் பரவல்’ வருகிறது. அங்கே ஆயர் மகளிர் தெய்வத்தை விளிக்கிறார்கள். இங்கே கோரஸ் அவையை விளிக்கிறது. ‘அவைக்கூற்று’ இன்னும் சுருக்கமானதுதான். ஆனால் அவை பேசுவதாகப் பொருள் திரும்பிவிடும்.

சொல்லுக்கு வலு வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம், இந்தப் பகுதி வெறும் இளைப்பாறல் அன்று. கி.மு. 423இல் நாடகப் போட்டியில் அரிஸ்டோஃபனீஸின் ‘மேகங்கள்’ மூன்றாம் இடத்துக்குத் தள்ளப்பட்டது; முதல் பரிசு முதிய நாடகக் கவிஞரான கிராட்டினஸுக்குப் போனது. நம் கைக்கு வந்திருப்பது அவர் பின்னர் திருத்திய வடிவம். அதன் பராபசிஸில் மேகப் பெண்களாக வேடமிட்ட கோரஸ் ‘நான்’ என்று கவிஞரின் குரலிலேயே பேசுகிறது. என் நாடகங்களில் இதுவே மிகச் சிறந்தது என்று நம்பினேன், தகுதியற்றவர்களிடம் தோற்றேன் என்று அவையிடமே முறையிடுகிறது. வேடம் கலையாமலே கவிஞர் வெளியே வந்து நிற்கிறார்.

‘தவளைகள்’ (கி.மு. 405) இதைவிடத் துணிச்சலானது. அதில் பேசுபவர்கள் தவளைகள் அல்லர், தீட்சை பெற்ற அடியார்கள். அரசியல் குழப்பத்தில் குடியுரிமை இழந்தவர்களுக்கு அதைத் திருப்பித் தாருங்கள் என்று ஏதென்ஸ் மக்களிடம் நேராகக் கேட்கிறார்கள். நல்ல பழைய நாணயங்களை ஒதுக்கிவிட்டு நேற்று அடித்த செம்புக்காசைப் புழங்குவதுபோல, நல்ல குடிமக்களையும் ஒதுக்குகிறீர்கள் என்கிறார்கள். போரில் நொடித்துப்போன நகரம் அது. செம்புக்காசு பார்வையாளர்களின் மடியிலேயே இருந்திருக்கும். இந்தப் பராபசிஸுக்காகவே நாடகம் மறுமுறை மேடையேறியது என்று பழைய குறிப்பு ஒன்று சொல்கிறது. சிரிக்க வந்த கூட்டத்தை நிறுத்திவைத்து இப்படிக் கேட்க முடிந்த ஒரு மேடையை ‘இடைப்பாட்டு’ என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கி.மு. 388இல் வந்த அவரது ‘செல்வம்’ நாடகத்தில் பராபசிஸ் இல்லை. பிற்கால நகைச்சுவை நாடகக் கவிஞர் மெனாண்டர் காலத்தில் கோரஸ் அங்கங்களுக்கு இடையில் ஆடிப்பாடுவதோடு நின்றுவிட்டது. ஆகவே அரிஸ்டோஃபனீஸ் காலத்து நகைச்சுவை நாடகமான ‘பழைய இன்பியலு’க்கு மட்டுமே உரிய சொல்லாக ‘அவைமுன்னிலை’யை வரையறுத்துவிடலாம்.

பராபசிஸின் உட்பிரிவு ஒன்றுக்கும் பெயர் தேவைப்படுகிறது. ‘ப்நிகோஸ்’ என்பது மூச்சு விடாமல் ஒரே வீச்சில் சொல்லி முடிக்கும் குறுவரிகள். மூச்சுத் திணறல் என்று பொருள். ‘மூச்சுமுட்டு’ என்று வைக்கலாம் என்பது என் எண்ணம். யாப்பு அறிந்தவர்கள் ‘முடுகு’ போதும் என்பார்கள். ஆனால் முடுகு சந்தத்தின் விரைவைக் குறிப்பது. இங்கே சொல்பவரின் நெஞ்சு படும் பாடும் பெயரில் இருக்க வேண்டும். மாற்றுச் சொல் வைத்திருப்பவர்கள் எழுதுங்கள்.