புதுப்பிப்பு: தடுப்பூசிக்குப் பின் காய்ச்சல் வராவிட்டால் பலன் இல்லையா?
அக்கிக்கான ஷிங்க்ரிக்ஸ் தடுப்பூசியின் முதல் தவணைக்குப் பின் அம்மாவுக்குக் குளிர்காய்ச்சல் வந்தது, அப்பாவுக்கு எதுவுமே வரவில்லை. அவருக்கு மருந்து வேலை செய்யவில்லையா என்று இங்கே கேட்டிருந்தேன். விளக்கமளித்த அனைவருக்கும் நன்றி.

நீங்கள் சொன்னதையே மருத்துவரும் உறுதிப்படுத்தினார். காய்ச்சலும் உடல்வலியும், ஊசி போட்டவுடன் விழித்துக்கொள்ளும் உள்ளார்ந்த நோயெதிர்ப்பு அமைப்பு வெளியிடும் சைட்டோகைன்கள் எனும் சமிக்ஞைப் புரதங்களால் வருபவை. நோயிலிருந்து காக்கும் எதிர்ப்பொருள்களும் கிருமியை நினைவில் வைத்திருக்கும் நினைவு அணுக்களும் அதன்பின் வாரக்கணக்கில் உருவாகின்றன என்பதால், முன்னதன் கடுமையை வைத்துப் பின்னதை அளந்துவிட இயலாது. அப்பாவைச் சமாதானப்படுத்தியது, ஒரு நண்பர் எடுத்துக்காட்டிய 2020ஆம் ஆண்டின் ஃபைசர் கோவிட் தடுப்பூசி ஆய்வுதான்: இரண்டாம் தவணைக்குப் பின் 55 வயதைக் கடந்தோரில் ஏறத்தாழ 11 விழுக்காட்டினருக்கே காய்ச்சல் வந்தது, ஆனால் அத்தடுப்பூசியின் ஒட்டுமொத்தச் செயல்திறன் 95 விழுக்காடு.

பாராசிட்டமாலை முன்கூட்டியே கொடுக்காமல், காய்ச்சல் வந்தால் மட்டும் கொடுக்கலாம் என்ற யோசனையும் பயன்பட்டது.

எதிர்பாராத ஒன்று: இரண்டாம் தவணையில் அப்பாவுக்குத்தான் காய்ச்சல் வந்தது (அதில் அவருக்குச் சற்றுப் பெருமை கூட), அக்குளில் நெறியும் கட்டியது, அம்மாவுக்கோ கைவலி மட்டுமே. ஊசி போட்ட கைப்பக்கத்து நிணநீர்க் கணுக்கள் தீவிரமாக இயங்குவதால் இப்படி வீங்குவதுண்டு என்றார் மருத்துவர். அது தானாகவே வடிந்துவிட்டது.