காரைக்குடியில் பழைய மரச்சாமான் வாங்க எண்ணுகிறோம்: எதைப் பார்த்து வாங்குவது?

வேளச்சேரிவாசி:

அனைவருக்கும் வணக்கம். சென்ற ஆண்டு தை மாதத்தில் நானும் மனைவியும் சென்னையில் சொந்த அடுக்குமாடி வீட்டுக்குக் குடிவந்தோம். நாற்காலியின் பக்கக் கைகளை நீட்டிவிட்டு அவற்றின் மேல் கால் போட்டுக்கொள்ளும் பழைய காலத்து ஈஸி சேர் ஒன்று, ஓர் அலமாரி, கூடத்துச் சுவருக்கு ஒரு பெரிய கண்ணாடி, சமையலறைத் தட்டில் வைப்பதற்குச் சில எனாமல் பாத்திரங்கள் ஆகியவற்றை மட்டும் பழைய பொருள் கடைகளில் நிதானமாகத் தேடி வாங்கலாம் என்பது எங்கள் எண்ணம்.

முதல் முயற்சியே சறுக்கிவிட்டது. சென்னையில் ஒரு கடையில் ‘நூறு வருஷத்து பர்மா தேக்கு’ என்று சொன்னதை நம்பி ஓர் அலமாரி வாங்கினோம். ஐப்பசி மழை தொடங்கியதும், காலையில் எழுந்து பார்த்தால் அதன் அடியில் கோலமாவு சிந்தியது போல வெளிர் மஞ்சள் தூள் கிடக்கும். துடைத்தாலும் மறுநாள் மீண்டும் கிடக்கும். பார்க்க வந்த தச்சர், கதவும் முன்சட்டமும் மட்டுமே தேக்கு, பக்கப் பலகைகள் வேறு மரம், முதுகு சாயம் பூசிய பிளைவுட் என்று ஐந்து நிமிடத்தில் சொல்லிவிட்டார். அரை நாள் கடையில் நின்ற எங்களுக்கு அது தெரியவில்லை.

அடுத்த மாதம் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்குச் செல்ல இருக்கிறோம். மரத்தில் எதைக் கவனிக்க வேண்டும்? எனாமல் பாத்திரங்கள், ரவி வர்மா படங்கள் போன்றவற்றின் காலத்தை எப்படி அறிவது? அமெரிக்காவில் இருக்கும் என் தம்பி, தூணுக்கும் உத்தரத்துக்கும் இடையே வரும் செதுக்கிய மரப் போதிகை ஒன்று வாங்கி அனுப்பச் சொல்கிறான். அதில் சட்டச் சிக்கல் ஏதும் உண்டா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

உளிச்சத்தம்:

ஐயா, அந்தத் தச்சர் முதலில் அலமாரியைச் சுவரிலிருந்து நகர்த்தியிருப்பார், இல்லையா? கடையில் மெருகு ஏற்றுவதெல்லாம் முகப்புக்குத்தான். முதுகையும் அடிப்பக்கத்தையும் பெரும்பாலும் யாரும் தொடுவதில்லை. பழைய சாமான்களைப் பழுது பார்ப்பது இருபது ஆண்டுகளாக என் தொழில் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கையில் ஒரு டார்ச் விளக்கு, ஒரு குண்டூசி, ஓர் அளவு நாடா ஆகிய மூன்றும் இருக்கட்டும். முதலில் இழுப்பறையை முழுவதுமாக வெளியே உருவித் தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள். முன்பலகையும் பக்கப் பலகையும் சேரும் மூலையில் புறாவின் வால் போல விரிந்த பற்கள் ஒன்றோடொன்று கோத்திருக்கும். கையால் வெட்டிய பற்கள் ஒன்று போல ஒன்று இராது, தச்சர் குறித்த கோடும் சில இடங்களில் அழியாமல் தெரியும். எல்லாப் பற்களும் அச்சில் வார்த்தது போல ஒரே அளவில் இருந்தால் அது இயந்திர வேலை. ஆணிக்குப் பதில் மர முளைகள் அடித்திருந்தால் அவற்றின் தலையைத் தடவிப் பாருங்கள். நெடுங்காலத்தில் பலகை சுருங்கியிருக்கும், ஆனால் முளை நீளவாட்டில் சுருங்காது. அதனால் அதன் தலை விரலில் இலேசாகத் தட்டுப்படும். நட்சத்திர வாய் கொண்ட திருகாணி, அதாவது ஸ்டார் ஸ்க்ரூ, 1930களின் நடுப்பகுதிக்கு முன்னால் சந்தையில் கிடையாது. ஆகவே ‘பாட்டனாருக்குப் பாட்டனார் காலத்தது’ என்று சொல்லப்படும் பெட்டியில் அது இருந்தால், பிற்காலத்தில் பழுது பார்த்ததா அல்லது பெட்டியே பிற்காலத்ததா என்று கேளுங்கள். வட்ட மேசையை நாடாவால் இரண்டு வாக்கில் அளந்து பார்ப்பதும் நல்லது. மரம் இழைக்குக் குறுக்கேதான் சுருங்கும் என்பதால், வயதான வட்ட மேசை சில மில்லிமீட்டராவது நீள்வட்டமாகியிருக்கும்.

பலகையின் பின்புறத்தில் இயந்திர வட்ட ரம்பம் விடும் வில் போல வளைந்த தடம் இருந்தால் புதிது என்று சிலர் உடனே தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். அது சரியன்று. 19ஆம் நூற்றாண்டிலேயே பர்மாவில் நீராவி ரம்ப ஆலைகள் ஓடிக்கொண்டிருந்தன. அங்கிருந்து அறுத்து வந்த பழைய பலகைகளிலும் அந்தத் தடம் இருக்கலாம்.

தாங்கள் சொன்ன மஞ்சள் தூள் உளுவின் வேலை. தேக்கில் நடுவே கருத்து இருக்கும் வைரத்தை அது எளிதில் தொடாது. ஓரத்து வெள்ளைப் பகுதியையும் மட்டமான மரங்களையும்தான் தின்னும். துளைகள் இருப்பதாலேயே ஒரு பொருளை ஒதுக்க வேண்டியதில்லை, எழுபது ஆண்டுகளுக்கு முன் தின்றுவிட்டுப் போன உளுவாகவும் அது இருக்கலாம். துளையின் விளிம்பு கூராக, உள்ளே வெளிர் நிறமாக, தட்டினால் புதுத் தூள் உதிர்வதாக இருந்தால் மட்டும் தள்ளி வையுங்கள். குண்டூசி இதற்காகத்தான்: கால்களின் அடிப்பாகத்தில் குத்திப் பாருங்கள், வைரம் ஊசியை உள்ளே விடாது.

இன்னொன்று, கடைகளில் கிடைப்பவற்றில் கணிசமானவை இடித்த வீடுகளின் தூண், உத்தரம், கைமரம் ஆகியவற்றை அறுத்துப் புதிதாகச் செய்தவை. அதில் தவறில்லை, மரம் நன்கு காய்ந்த பழைய மரம் என்பதால் கோணாது, நானே அப்படிச் செய்து கொடுத்திருக்கிறேன். ஆனால் அதைப் பழைய மரத்தில் செய்த புது மேசை என்று சொல்லி, அதற்குரிய விலையில் விற்க வேண்டும். சட்டத்தில் வேலைக்குச் சம்பந்தமில்லாத பழைய துளையோ அடைத்த வெட்டோ கண்ணில் பட்டால் அது அவ்வகைதான்.

‘எடுத்துக்கொள்ளுங்கள், பாலிஷ் போட்டு நாளைக்கே அனுப்பிவிடுகிறோம்’ என்று கடையில் சொன்னால் தயவுசெய்து மறுத்துவிடுங்கள். பழைய மெருகு பெரும்பாலும் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசிய பிரெஞ்சு பாலிஷ். மறைவான ஓரிடத்தில் ஸ்பிரிட் நனைத்த பஞ்சை வைத்தால் அந்த மெருகு இளகி ஒட்டும். அதைச் சுரண்டி எடுத்துவிட்டு மெலமைன் என்ற செயற்கை மெருகை அடித்துவிட்டால், நூறாண்டு மரம் கல்யாண மண்டபத்து நாற்காலி போல மின்னும்.

வளவுக்காரி:

முனீஸ்வரன் கோவில் தெருவிலிருந்து நடக்கும் தூரத்தில் வளர்ந்தவள் நான். உளிச்சத்தம் ஐயா மரத்தைப் பற்றிச் சொல்லிவிட்டார். அந்தச் சாமான்கள் அந்தத் தெருவுக்கு ஏன் வந்தன என்பதைத் தெரிந்துகொண்டு போனால் எதை வாங்கலாம் என்பதும் தெளிவாகும் என்று நினைக்கிறேன்.

செட்டிநாட்டு வீடுகளின் பெரும்பகுதி 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலும் எழுந்தவை. பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் வட்டித்தொழில் செய்த நகரத்தார் பர்மாவிலிருந்து தேக்கையும், ஐரோப்பாவிலிருந்து கண்ணாடி, சலவைக்கல், பீங்கான் ஆகியவற்றையும் கொண்டுவந்தார்கள். 1930களின் பொருளாதார மந்தம் முதல் அடி. 1942இல் ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்தபோது பலர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊர் திரும்பினார்கள். 1948இல் அங்கு வந்த நில நாட்டுடைமைச் சட்டத்தோடு எஞ்சிய நம்பிக்கையும் போயிற்று. வீடு மட்டும் இங்கே நின்றது. இன்று ஒரே வீட்டுக்குப் பத்துப் பதினைந்து பங்காளிகள், ஆளுக்கொரு நாட்டில். ஓடு மாற்றும் செலவை யார் ஏற்பது என்பதில் உடன்பாடு வராத வீடுகளில், கடைசியில் உடன்பாடு வருவது விற்பதில்தான்.

எனாமல் பாத்திரங்கள் அந்தத் தெருவில் கூரையைத் தொடும்படி அடுக்கி இருப்பதற்கும் காரணம் உண்டு. எங்கள் பக்கத்துத் திருமணங்களில் பெண்ணுக்குக் கொடுக்கும் சாமானில் ஒவ்வொன்றும் பல எண்ணிக்கையில் இருக்கும். கொண்டுவந்தவை அறையில் பூட்டப்பட்டு, அடுத்த தலைமுறையின் திருமணத்தில்தான் திறக்கப்படும். அதனால்தான் எண்பது வயதான தூக்குப்பாத்திரம் ஒரு நாளும் அடுப்பைக் காணாமல் புத்தம் புதிதாகக் கிடைக்கிறது. அடியைத் திருப்பி முத்திரையைப் பாருங்கள். ஸ்வீடனின் கோக்கம்ஸ் நிறுவனத்து முத்திரை நிறையக் காணப்படும். ‘செக்கோஸ்லோவாக்கியா’ என்றிருந்தால் அந்நாடு உருவான 1918க்கு முற்பட்டதாக இருக்க முடியாது. ‘ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் செய்தது’ என்ற பொருளில் ஆங்கில எழுத்து இருந்தால், அது போர் முடிந்த 1945க்கும் 1952க்கும் இடைப்பட்டது. பித்தளை, வெண்கலப் பாத்திரங்களில் குடும்பத்தின் விலாச எழுத்துகள், அதாவது பெயர்களின் முதலெழுத்துகள், வெட்டியிருக்கும். அவற்றைத் தேய்த்து அழிக்கச் சொல்லாதீர்கள். எனாமல் சில்லு பெயர்ந்திருந்தால் அலங்காரத்துக்கு மட்டும் வையுங்கள், சமையலுக்கு வேண்டாம். பழைய சிவப்பு, மஞ்சள் பூச்சுகளில் ஈயமும் காட்மியமும் கலந்திருக்க வாய்ப்புண்டு.

கடையின் முன்பகுதியில் இருப்பவை சுற்றுலாப் பயணிகளுக்கானவை. மரச்சாமான் வேண்டுமென்றால் பின்னால் இருக்கும் கிடங்கைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். தூசியோடு கிடப்பதைப் பார்ப்பதே நல்லது.

தூண், நிலைக்கதவு, போதிகை ஆகியவற்றைப் பற்றி மட்டும் ஒரு வேண்டுகோள். நாற்காலியை விற்றாலும் வீடு நிற்கும். ஆனால் போதிகை கடைக்கு வர வேண்டுமென்றால் அதன் மேலிருந்த கூரை இறங்கியிருக்க வேண்டும். என் பெரியம்மா வீட்டின் இரண்டாங்கட்டை, அதாவது முன்கட்டுக்குப் பின்னால் உள்ள பகுதியை, இறக்கியபோது நான் அங்கே இருந்தேன். தூண்களுக்கு வைக்கோல் சுற்றி லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பெரியம்மா தூண் நின்ற கல்லின் குழியில் தேங்கியிருந்த தூசியைத் துடைப்பத்தால் பெருக்கிக்கொண்டே இருந்தார். கேட்பார் இருப்பதால்தான் இறக்குகிறார்கள் என்று முழுப் பழியையும் வாங்குபவர்மேல் போட மாட்டேன். இருந்தாலும் தங்கள் தம்பிக்கு வேறு ஏதாவது பரிந்துரையுங்கள்.

கோப்புக்கட்டு:

தம்பிக்கு அனுப்புவது பற்றிச் சுருக்கமாக. 1972ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டப்படி, நூறு ஆண்டுகளுக்குக் குறையாத வரலாற்று, கலைப் பொருட்கள் தொல்பொருட்கள் ஆகும். மதிப்புள்ள கையெழுத்துப் படிகளுக்கு எழுபத்தைந்து ஆண்டுகளே போதும். அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. நூறு ஆண்டு ஆகவில்லை என்றால், இந்தியத் தொல்லியல் துறையிடம் பொருளைக் காட்டி, தொல்பொருள் அன்று என்ற சான்றிதழைப் பெற்ற பிறகு அனுப்புவதே பாதுகாப்பானது. ‘மிகப் பழையது’ என்று பெருமையாக ரசீதில் எழுதி வாங்கிக்கொண்டு, பிறகு சுங்கத்தில் ‘பழையது இல்லை’ என்று வாதாடுவோரை நான் பார்த்திருக்கிறேன். ஈட்டி மரமாக இருந்தால், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தக் கட்டுப்பாடுகளும் சேர்ந்துகொள்ளும்.

உள்நாட்டில் நாற்காலி, அலமாரி வாங்கி வீட்டில் வைத்துக்கொள்வதற்கு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் கல்லோ உலோகமோ மரமோ, பழைய சாமி சிலை என்று எவரேனும் காட்டினால் பதிவுச் சான்று இல்லாமல் தொடாதீர்கள். சிலைக் கடத்தலைத் தடுப்பதற்கென்றே தமிழகக் காவல்துறையில் 1983 முதல் தனிப்பிரிவு இயங்குகிறது.

ரசம்போனகண்ணாடி:

ரவி வர்மா படங்களைப் பற்றி யாரும் சொல்லாததால் எழுதுகிறேன். அவர் 1894இல் பம்பாயில் தொடங்கிய அச்சகம் பின்னர் லோனாவ்லா அருகே மாறி, ஜெர்மானியத் தொழில்நுட்பர் ஷ்லைக்கர் கைக்குப் போய், ஓவியர் 1906இல் மறைந்த பிறகும் நெடுங்காலம் நடந்தது. எனவே அச்சகத்தின் பெயர் இருப்பதால் மட்டும் அவர் காலத்துப் படம் என்று கொள்ள முடியாது. கடிகாரம் பழுது பார்ப்பவர் வைத்திருக்கும் கண்வில்லையால் முகத்தின் நிழற்பகுதியைப் பாருங்கள். கல்லில் வரைந்து அச்சிட்ட பழைய கல்லச்சுப் படத்தில் கைப்புள்ளிகள் ஒழுங்கின்றி, பல வண்ணங்களில் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும்; அண்மைக்கால நகலில் நான்கே நிறப் புள்ளிகள் வரிசை பிசகாமல் நிற்கும். ஜரிகையும் துணியும் ஒட்டி அலங்கரித்த படங்களில் படம் நகலாகவும் சட்டம் பழையதாகவும் இருப்பதுண்டு, பின்னட்டையைக் கழற்றிப் பார்க்க அனுமதி கேளுங்கள்.

கண்ணாடியில் ஓரங்களில் ரசம் போய்க் கரும்புள்ளி விழுந்திருந்தால் அப்படியே விடுங்கள். அனுப்பும்போது படுக்க வைக்காமல் நிறுத்தி வைத்துக் கட்டச் சொல்லுங்கள், இல்லையென்றால் புதுக்கோட்டை தாண்டுவதற்குள் விரிசல் விடும். கிளம்புமுன் தங்கள் லிஃப்டின் கதவை அளந்துகொள்வதும் அவசியம். எங்கள் அலமாரி இன்னமும் கீழ்த்தளத்தில் காவலாளியின் சாமான்களோடு நிற்கிறது.

வேளச்சேரிவாசி:

அனைவருக்கும் நன்றி. சென்ற வாரம் போய் வந்தோம். இரண்டு நாள்களில் ஏழெட்டு அலமாரிகளை முதுகு பார்த்துவிட்டு ஒன்றும் வாங்கவில்லை. ‘சார் என்ன, பொண்ணு பார்க்கிறதைவிடக் கடுமையாப் பார்க்கிறீங்க’ என்று ஒரு கடைக்காரர் சிரித்தார். கிடங்கின் மூலையில் கிடந்த ஈஸி சேர் ஒன்றையும், நீல விளிம்பு போட்ட எனாமல் தூக்கு இரண்டையும் வாங்கினோம். நாற்காலி முழுத் தேக்கு, நீட்டும் கைகள் இரண்டும் சரியாக ஓடுகின்றன. ஒரு காலில் பழைய ஒட்டு இருப்பதைக் கடைக்காரரே காட்டினார். போதிகை வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லிவிட்டேன். நாற்காலியின் பிரம்புப் பின்னல்தான் நடுவில் கிழிந்துள்ளது. இங்குள்ள ஒருவர் பிளாஸ்டிக் வயரில் பின்னினால் நெடுநாள் உழைக்கும் என்கிறார். செய்யலாமா?

உளிச்சத்தம்:

செய்ய வேண்டாம். பிரம்பை நீரில் ஊறவைத்து ஈரமாகப் பின்னுவார்கள். காயும்போது அது தானே இழுத்துக்கொண்டு விறைப்பாகும், உட்காருபவரின் எடைக்குச் சற்றுக் கொடுக்கவும் செய்யும். கோடைக்காலத்தில் அடிப்பக்கத்தை மட்டும் ஈரத்துணியால் துடைத்து, நிழலில் ஓர் இரவு விட்டால் தளர்ந்த பின்னல் மீண்டும் இறுகும். வேலைக்குக் கொடுக்கும்போது, சட்டத்தில் இருக்கும் பழைய துளைகளைத் துளைப்பானால் பெரிதாக்கக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வயர் பின்னுவோர் அதைத்தான் முதலில் செய்வார்கள். துளைகளுக்கு இடையே உள்ள மரம் மெலிந்துவிட்டால், அடுத்த முறை உட்காரும்போது சட்டம் அந்தக் கோட்டிலேயே பிளக்கும்.