மாசாமாசம் ஆப்புக்குக் கட்டற காசை நிறுத்தீட்டு ஏஐ வெச்சு நாமளே பண்ணிக்கலாமுங்களா?

ஓவர்லாக்காரன் (திருப்பூர்)

வணக்கமுங்க. அனுப்பர்பாளையத்துல சின்னதா ஜாப் ஒர்க் யூனிட் வெச்சிருக்கேன், கட்டிங் பீஸ் வரும், தெச்சு செக்கிங் முடிச்சு திருப்பி அனுப்பறது, அவ்வளவுதான். இதுக்கே இப்ப மூணு சந்தா ஓடுதுங்க. ஒண்ணு பில்லிங்குக்கு. ஒண்ணு பீஸ் ரேட், ஷிப்ட் கணக்குப் பாத்து சம்பளம் போடற ஆப், அது ஆளுக்கு இத்தனைன்னு வாங்கறான், தீவாளிக்கு முன்னால ஆள் எச்சா சேத்துனா பில்லும் ஏறுது, ஆளுக ஊருக்குப் போயிட்டா மட்டும் எறங்க மாட்டேங்குது. மூணாவது, பார்ட்டிகளுக்கு வாட்ஸப்புல பாக்கிய ஞாபகப்படுத்தற சர்வீஸ். எல்லாஞ் சேத்து மாசம் 6,000 ரூவா கிட்ட போகுது. அக்கா பையன் காலேஜ் படிக்கறான், மாமா இதையெல்லாம் சாட்ஜிபிடி கிட்டயோ கிளாட் கிட்டயோ சொன்னா எழுதிக் குடுத்துரும், எதுக்கு தண்டம் கட்டறீங்கங்கறான். எனக்கு கோடிங் தெரியாது, எக்செல் நல்லாத் தெரியும். மூணையும் நிறுத்தீரலாமா, இல்ல வேற சோலிய இழுத்து உட்டுக்கறனா? பண்ணிப் பாத்தவங்க சொல்லுங்க.

சரவணம்பட்டி கோடர்

மூணும் வேற வேற சமாச்சாரங்ணா, ஒண்ணா சேத்துப் பாக்காதீங்க. சம்பளத்த மொதல்ல எடுங்க, அதுதான் உங்களுக்கு லேசு. கூகுள் ஷீட்டுல ஆள் பேரு, ஆபரேஷன், பீஸ் எண்ணிக்கை, ரேட், அட்வான்ஸ், இத மட்டும் தனித்தனி காலமா (column) வெச்சுக்கிட்டு, சனிக்கெழம ஒரு பட்டன அமுக்குனா ஆளாளுக்கு சீட்டு வர்ற மாதிரி ஆப்ஸ் ஸ்கிரிப்ட் (கூகுள் ஷீட்டோட ஓடற சின்ன புரோகிராம்) எழுதித் தான்னு ஏஐ கிட்ட கேளுங்க. ஓசி ஜிமெயில் அக்கவுண்டுலயே ஓடும், ஒருக்கா ஓடறது 6 நிமிஷத்துக்கு மேல போனா கூகுளே நிறுத்தீரும், மெயிலு ஒரு நாளைக்கு 100 பேருக்குத்தான் போகும், உங்க அளவுக்கு இது தாராளம்.

ஒண்ணு மட்டும் நல்லா கேட்டுக்கோங்க. வாராவாரம் கணக்க சாட்டுல ஒட்டி "கூட்டிச் சொல்லு"ன்னு கேக்கவே கேக்காதீங்க. ஒரு வாரம் சரியா சொல்லும், அடுத்த வாரம் நடுவுல ஒரு வரிய உட்டுட்டு கூட்டும், ரெண்டயும் ஒரே தெனாவெட்டுலதான் சொல்லும். ஏஐய ஸ்கிரிப்ட் எழுத மட்டும் வெச்சுக்கோங்க, கணக்க ஸ்கிரிப்ட் போடட்டும், ஏன்னா அது ஒருக்கா சரியா வந்துட்டா அதே கணக்குக்கு எப்பவும் அதே விடைதான் வரும். இப்ப இருக்கற ஆப்ப ஒடனே நிறுத்தாதீங்க, ஒரு மாசம் ரெண்டயும் ஓட்டி சனிக்கெழமைக்கு சனிக்கெழம ஒப்பிடுங்க, ஒன்றரை ஷிப்டு பாத்தவன், நடுவாரம் நின்னவன், அட்வான்ஸ் சம்பளத்துக்கு மேல போனவன், இந்த மூணுலதான் தப்பு வரும். அப்பறம் சாட்டுல ஆளுக ஆதார், பேங்க் நெம்பரெல்லாம் போடாதீங்ணா, சும்மா அ, ஆ, இ-ன்னு பேரு வெச்சு நாலு வரி குடுத்தாலே அதுக்குப் புரியும்.

மஞ்ச மண்டி (ஈரோடு)

வாட்ஸப்புக்கு வாறேன். ஏஐ கிட்ட கேட்டா வாட்ஸப் வெப்ப பின்னால ஓட்டி தானா மெசேஜ் அனுப்பற ஸ்கிரிப்ட ஒடனே எழுதிக் குடுத்துரும், நல்லாவும் ஓடும், ஆனா அது வாட்ஸப் விதிக்கு ஆகாது, கண்டுபுடிச்சா நெம்பர முடக்கீருவாங்க. யாவார நெம்பர் போனா பார்ட்டி பேசுனதெல்லாம் சேந்து போகும். மொறையான வழி கிளவுட் ஏபிஐ (புரோகிராம்ல இருந்து மெசேஜ் அனுப்ப வாட்ஸப்பே குடுக்கற வழி), அதுல நாமளா அனுப்பற டெம்ப்ளேட் மெசேஜுக்கு (முன்னாலயே ஒப்புதல் வாங்கி வெச்ச மெசேஜ்) 2025 ஜூலைல இருந்து மெசேஜ் கணக்குல காசு, பார்ட்டி நமக்கு மெசேஜ் போட்டா 24 மணி நேரத்துக்குள்ள பதில் சொல்றது ஓசி.

ஆனா தம்பி, ஜாப் ஒர்க்குல உங்களுக்கு எத்தன பார்ட்டி இருப்பாங்க, பத்து இருக்குமா? இதுக்கெதுக்கு ஆட்டோமேஷன்? பில்லு தேதில இருந்து 30 நாள் தாண்டுன வரி செவப்பா காட்டற மாதிரி ஷீட்டுல வெச்சுக்கோங்க, போன எடுத்துப் பேசுங்க. உத்யம் பதிவு (சிறு தொழிலுக்கான அரசாங்கப் பதிவு) இருக்குதுல்ல? வருமான வரில 45 நாள் விதி 2024 ஏப்ரல்ல இருந்து நடப்புல இருக்குது, சின்ன யூனிட்டுக்கு அந்தக் கெடுவுக்குள்ள குடுக்காம வருசத்தத் தாண்டி இழுத்தா காசு தரவேண்டிய பார்ட்டி அந்தச் செலவ அந்த வருசக் கணக்குல காட்ட முடியாது. எழுத்துல ஒப்பந்தமே இல்லீனா கெடு 15 நாள்தான். மார்ச் மாசத்துல இத எடுத்துச் சொல்லிப் பாருங்க, மெசேஜ் சர்வீஸவிட வேகமா காசு வரும்.

கரூர் கணக்குப்பிள்ளை

பில்லிங்க தொடாதீங்க. நான் ஆடிட்டர் ஆபீஸ்ல இருக்கறவ, அதனால கறாராத்தான் சொல்லுவேன். பில் நெம்பர் வரிசையா வரணும், ஒரே நெம்பர் ஒரு நிதியாண்டுல ரெண்டு தடவ வரக்கூடாது, மாசாமாசம் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடறவங்கன்னா 11-ந் தேதிக்குள்ள ஜிஎஸ்டிஆர்-1 (பில்லு விவரம்), 20-ந் தேதிக்குள்ள ஜிஎஸ்டிஆர்-3பி (வரி கட்டற ரிட்டர்ன்). கணக்க வருசாந்தர ரிட்டர்ன் கெடுவுல இருந்து 72 மாசம் வெச்சிருக்கோணும். 2025 செப்டம்பர் 22-ல ஜிஎஸ்டி ரேட்டெல்லாம் மாறுச்சே, அன்னிக்கு ஆப் வெச்சிருந்தவங்களுக்கு கம்பெனிக்காரன் மாத்திக் குடுத்தான், சொந்தமா எழுதி வெச்சிருந்தா அத நீங்களே உக்காந்து மாத்தோணும். அந்த ஒரு சந்தாவ கட்டீருங்க.

நாமக்கல் லாரி

எல்லாரும் காசையே பேசறீங்க. நான் கேக்கறது, அக்கா பையனுக்கு பெங்களூர்ல வேல கெடச்சுப் போயிட்டா சனிக்கெழம சாயந்தரம் ஸ்கிரிப்ட் நின்னா யாரு பாப்பா? ஆளுக சம்பளத்துக்கு வாசல்ல நிப்பாங்க. எங்காளு ஒருத்தன் பழைய லேப்டாப்புல என்8என் (வேலைகள தானா ஓட்டற சாப்ட்வேர்) போட்டு டிரிப் ஷீட், டீசல் கணக்கெல்லாம் ஓட்டறான், சூப்பராத்தான் இருக்குது, ஆனா ஈபி ஷட்டவுன் அன்னிக்கு எல்லாம் படுத்துக்கும், டாக்கருக்கு (அத ஓட்டற இன்னொரு சாப்ட்வேர்) திரும்பத் தானா எந்திரிக்கச் சொல்லணும்னே ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சுது. கூகுள் ஷீட்டுல போட்டா அந்தத் தலவலி இல்ல, அது மட்டும் ஒத்துக்கறேன்.

ஓவர்லாக்காரன்

எல்லாருக்கும் நன்றிங்க. பில்லிங் இருக்கட்டும், வாட்ஸப் சர்வீஸ இந்த மாசத்தோட நிறுத்தறேன், அண்ணன் சொன்னாப்ல போன்லயே பேசிக்கறேன். சம்பளம் மட்டும் ஷீட்டுல முயற்சி பண்றேன், ஓடலீன்னா கைல கூட்டிக் குடுத்துக்கலாம், முன்னெல்லாம் அப்படித்தான குடுத்தோம். கோடர் தம்பிக்கு ஒரு கேள்வி: ஸ்டைலுக்கு ரேட்டு நடு வாரத்துல மாறும், புதன் வரைக்கும் ஒரு ரேட்டு, வியாழன்ல இருந்து வேற. ரேட்ட மாத்துனா முன்னாடி போட்டதும் சேந்து மாறிக்குது, எக்செல்லயே இந்தத் தொல்ல இருந்துச்சு.

சரவணம்பட்டி கோடர்

ரேட்டுக்குன்னு தனி ஷீட் போடுங்ணா. பழைய வரிய அழிக்காம கீழ புது வரி சேருங்க, ஸ்டைல், ஆபரேஷன், ரேட், எந்தத் தேதில இருந்து, நாலு காலம். "பீஸ் தெச்ச தேதிக்கு முன்னாடியோ அன்னிக்கோ இருக்கற கடைசி ரேட்ட எடு"ன்னு ஏஐ கிட்ட இதே வார்த்தைல சொல்லுங்க. எழுதிக் குடுத்ததும் புதன், வியாழன் ரெண்டு நாளும் வர்ற மாதிரி ஒரு ஆளு கணக்க கைல போட்டுப் பாத்துட்டு இங்க சொல்லுங்க.